ஈரம் காயாத தளம்

ஜனவரி 19, ஞாயிறு

சிமெண்ட் கடையில் கொடுத்த டைரி. இந்த வருஷம் அட்டை கொஞ்சம் மட்டம்தான். இருந்தாலும் எழுத ஆரம்பித்துவிட்டேன். நான் சென்னியப்பன், கோபிச்செட்டிபாளையத்தில் கட்டட மேஸ்திரி. என் கையால் போட்ட மேல்தளம் இதுவரை நூற்றுப் பதினான்கு. ஒன்றுகூட ஒழுகியதில்லை.

டைரி எழுதுவது மறதிக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம். மேஸ்திரி என்றால் அளவுகளை எழுதிவைக்க வேண்டும். கம்பி கட்டி முடித்தால் இன்ஜினியர் வந்து பார்த்து 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அது இல்லாமல் ஒரு சட்டி கலவைகூடக் கொட்ட மாட்டேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டது. அதிலிருந்து எனக்கு வலிப்பு உண்டு. அந்த வார்த்தையை இந்த ஒரு தடவை எழுதிவிட்டேன், இனி 'அது' என்றுதான் எழுதுவேன். மாத்திரை போட்டால் வராது. மனைவி கோகிலாவுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் சொல்ல வாய்க்கவில்லை, பிறகு தேவைப்படவில்லை. மாத்திரை அட்டை என் பூச்சுக் கரண்டிப் பையின் அடியில் இருக்கும். தீரப் போகிறதே என்று திறந்தால் புது அட்டை ஒன்று இருக்கிறது. எப்போது வாங்கினேனோ, தெரியவில்லை. இதிலெல்லாம் நான் கடமை தவறாத ஆள்.

முக்கியமானதை எழுத மறந்தேன். மகள் இதழினிக்கு ஐந்தரை மாதம். இன்று தூக்குக்குண்டை நூலில் கட்டி அவள் கண் முன்னால் ஆட்டினேன். இடதுக்கு ஆட்டினால் இடது, வலதுக்கு ஆட்டினால் வலது, கண் அப்படியே கூட வந்தது. பிறகு என்னைப் பார்த்துப் பொக்கைவாய்ச் சிரிப்பு. சுவர் நேராக, தூக்குக்கு நிற்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இவள் ஐந்தரை மாதத்தில் ஆரம்பித்துவிட்டாள்.

ஜனவரி 27, திங்கள்

இதழினியை நாங்கள் அம்மிணி என்றுதான் கூப்பிடுவோம். இன்று காலை தூங்கி எழுந்ததும் அம்மிணி கும்பிட்டாள்! இரண்டு கையும் விரிந்து முன்னால் வந்தன, தலை கவிழ்ந்தது. ஒரு தடவை இல்லை, வரிசையாக ஏழெட்டுத் தடவை. ஆறு மாதக் குழந்தை கும்பிட்டு யாராவது பார்த்திருக்கிறார்களா?

பிப்ரவரி 2, ஞாயிறு

பவானியிலிருந்து சின்ன மாமியார் வீட்டார் வந்திருந்தார்கள். அம்மிணி தூங்கி எழும்வரை போகவிடவில்லை. எழுந்ததும் கும்பிட்டாள், பதினாறு தடவை. அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். சின்ன மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “போன சென்மத்துல கோயில்ல பொறந்திருப்பா சாமி” என்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

கும்பிட்டு முடித்ததும் அழுதாள். கூட்டத்தைப் பார்த்த பயம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோகிலா இன்று ஒரு மாதிரியாகப் பேசினாள்.

“ஏனுங்க மாமா, எனக்கு இது கும்புடற மாதிரித் தோணுலீங்க. ஒவ்வொருக்காவும் தூக்கிப் போடற மாதிரி இருக்குது. முடிஞ்சதும் சோந்து போயிடறா. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போலாமுங்களா?”

“நல்லா இருக்கற புள்ளைய எதுக்கு ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு அலையோணும்?”

“வலிப்பு கிலிப்பா இருந்துச்சுன்னா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வலிப்புன்னா எப்படி இருக்கும்னு உனக்கென்ன தெரியும்?” என்று கத்திவிட்டேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். விழ வேண்டும், கைகால் வெட்ட வேண்டும், வாயில் நுரை வர வேண்டும். எழுந்தால் உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் இருக்கும். இவள் இரண்டு நொடி குனிந்து நிமிர்கிறாள். பேசாமல் இருக்கட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

அந்தியூர் சைட். படிக்கட்டுக்குப் பலகை அடித்தாகிவிட்டது. கும்பிடுவது இப்போது ஒரு நாளைக்கு மூன்று வேளை.

பிப்ரவரி 17, திங்கள்

கரண்டிப் பையை அந்தியூரிலேயே விட்டுவிட்டு வந்து மூன்று நாளாகிறது. போய் எடுக்க வேண்டும். நாளை இங்கே கோபியில் மேல்தளம் என்பதால் இன்றும் முடியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நூற்றுப் பதினைந்தாவது தளம். கலவை எந்திரம் ஆறு மணிக்கே வந்துவிட்டது. மணல் ஈரமாக இருக்கிறது, தண்ணீரைக் குறைக்கச் சொல்ல வேண்

பிப்ரவரி 19, புதன்

நேற்று தளம் போட்டோமாம். நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்திருக்கிறது. நாக்கின் ஓரத்தில் புண். டீயைச் சூடாகக் குடித்திருப்பேன்.

சித்தாள் பாப்பாத்தியக்கா, “வெயிலுக்கு மயக்கம் வந்துடுச்சுங்க மேஸ்திரி, மணல் மேல படுக்க வெச்சோம்” என்றார். வெயில்தான் காரணம்.

கரண்டிப் பை வீட்டு ஆணியில் தொங்குகிறது. நான்தான் போய் எடுத்து வந்திருப்பேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தூக்குக்குண்டை ஆட்டினேன். அம்மிணி பார்க்கவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் கொண்டுபோய் ஆட்டினேன். நூல் வெள்ளையாக இருப்பதால் தெரியவில்லையோ என்று சிவப்பு நூல் கட்டி ஆட்டினேன். என் முகத்தைக் கிட்டே கொண்டுபோய், “அம்மிணீ, அப்பனைப் பாரு சாமி” என்றேன். அவள் கண் என்னைத் தாண்டி எங்கேயோ இருந்தது.

கடைசியாக எப்போது சிரித்தாள் என்று டைரியைப் புரட்டினேன். ஜனவரி பத்தொன்பது. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் சிரிப்பு இல்லை, கும்பிட்டதை மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறேன். சளி பிடித்திருக்கும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கோகிலா என்னிடம் கேட்காமலேயே உள்ளூர்க் குழந்தை டாக்டரிடம் போய்விட்டாள். குழந்தை கும்பிடுவதைப் போனில் படம் பிடித்துக் காட்டினாளாம். அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, நாளை மறுநாளே கோயம்புத்தூர் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் போக வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

கோயம்புத்தூர். குழந்தைகளின் மூளை, நரம்பு பார்க்கும் டாக்டர் ஜெசிந்தா. சின்ன உருவம், சத்தமில்லாத பேச்சு. போனில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“எவ்வளவு நாளா இப்படி?”

“ஒரு மாசமா கும்புடறாளுங்க டாக்டர்” என்றேன். அப்போதும் என் குரலில் பெருமை இருந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

“இது கும்பிடறது இல்லைங்க. வலிப்பு. ஒரு வயசுக்குள்ள வர்ற ஒரு தனி வகை. பார்க்க இப்படித்தான் இருக்கும், அதனாலயே நிறைய பேர் ஏமாந்துடறாங்க.”

“கீழ விழுந்து இழுக்கலீங்களே.”

“அது பெரியவங்களுக்கு. குழந்தைக்கு வேற மாதிரி வரும். வீட்டுல வேற யாருக்காவது வலிப்பு இருக்கா?”

“இல்லீங்க.”

கோகிலா குனிந்து குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்தான்.

தலை முழுக்க ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

பிப்ரவரி 28, வெள்ளி

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

டாக்டர் அந்தப் படத்தைக் காட்டினார். காகிதத்தில் கோடு கோடாக மூளையின் ஓட்டம். இத்தனை வருஷமாக ரசமட்டம் பிடித்தவன் நான், அதில் மட்டம் என்று ஓர் இடம்கூட இல்லை. மலைபோல் ஏறி இறங்கிக் கன்னாபின்னாவென்று கிடந்தது. ஸ்கேனில் மூளை வளர்ச்சியில் குறை எதுவும் இல்லையாம், அது நல்ல சேதி. ஆனால் இனி ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, இன்றே ஊசி தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை கற்றதும் போய்விடும், கற்க வேண்டியதும் வராமல் போய்விடும் என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரோடு வாதாடினேன்.

“ரெண்டு நொடி குலுக்கறதுக்கு இவ்வளவு ஆகுமுங்களா? எனக்குப் பன்னெண்டு வருசமா வருது. அஞ்சு நிமிசம் போட்டு இழுக்கும். எனக்கு என்னங்க கெட்டுப்போச்சு? இத்தனை தளத்தோட அளவும் மனப்பாடமாச் சொல்லட்டுமா?”

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

கோகிலா நிமிரவே இல்லை. “போன வாரங்கூட வந்துச்சுங்க டாக்டர். மாத்திரைப் பை அந்தியூர்ல மாட்டிக்கிச்சு. நான் பஸ் ஏறிப் போயி எடுத்துட்டு வர்றதுக்குள்ள வந்துடுச்சு” என்றாள்.

அவள் மடியில் குழந்தை வாயில் எச்சில் ஊதிக்கொண்டிருந்தது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. என் அடிபட்ட கதையைக் கேட்டு எழுதிக்கொண்டார். “உங்களுக்கு அடிபட்டதால வந்தது, குழந்தைக்கு உங்ககிட்ட இருந்து வந்ததாத் தெரியலை” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். “உங்க மூளை கட்டி முடிச்ச மூளை. வலிப்பு வந்து போனா, ஏற்கெனவே கத்துக்கிட்டது பெரும்பாலும் அப்படியே நிக்கும். ஆனா நீளமா வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ உங்களுக்கும் சேதம்தான். முன்ன பின்ன நடந்தது மறந்து போகுதா?”

“இல்லீங்க” என்றேன். கோகிலா, “போகுதுங்க” என்றாள்.

“குழந்தையோட மூளை இப்பத்தான் உருவாகுது. அந்த ரெண்டு நொடிக் குலுக்கல் மட்டும் பிரச்சினை இல்லை. குலுக்காத நேரத்துலயும் உள்ள இந்தக் காகிதத்துல இருக்கற கலவரம்தான் ஓடுது. பார்க்க, சிரிக்க, உட்காரக் கத்துக்க வேண்டிய மாசம் இது. கத்துக்க அமைதி கிடைக்கலை.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாய்விட்டே சொன்னேன்.

“தளம் மாதிரிங்க டாக்டர். காஞ்ச தளத்து மேல யானை நடந்தாக்கூட ஒண்ணும் ஆகாது. காலைல போட்ட தளத்து மேல பூனை நடந்துச்சுன்னா அந்தத் தடம் காலத்துக்கும் நின்னுடும்.”

டாக்டர் முகம் மலர்ந்தது. “இன்னும் ஒண்ணு இருக்கே. பூனை நடந்ததை உடனே பார்த்துட்டா என்ன பண்ணுவீங்க?”

“ஈரம் இருக்கறப்பவே மட்டப்பலகை போட்டு இழுத்துடுவனுங்க. தடமே தெரியாது.”

“அதைத்தான் நான் பண்ணப் போறேன். சின்னக் குழந்தைங்கறதால சீக்கிரம் கெடும், அதே காரணத்தால மீண்டு வரவும் வாய்ப்பு இருக்கு. எல்லாக் குழந்தையும் முழுசா மீண்டு வந்துடும்னு சொல்ல மாட்டேன். ஒரு மாசம் போயிருக்கு, இன்னும் ஈரம் இருக்கு.”

அந்த ஒரு மாதத்தைப் போக்கியவன் நான். கோகிலா இரண்டாம் வாரத்திலேயே சொன்னாள். நூற்றுப் பதினைந்து தளத்தைக் காவல் காத்தவன், என் வீட்டுத் தளத்தின் மேல் பூனையை நடக்கவிட்டு, வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் முதல் ஊசி போட்டார்கள். வராந்தாவில் கோகிலாவிடம், “எப்ப இருந்து தெரியும்?” என்று கேட்டேன்.

“கல்யாணமாகி ரெண்டாம் மாசம். ஊட்டுலயே வந்துச்சுங்க. எந்திரிச்சதும் உங்களுக்கு எதும் நெனப்பில்லை.”

“அட்டை?”

“நாந்தான் வெப்பேன்.”

“ஏன் கண்ணு ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்களாச் சொல்லோணும்னு இருந்தனுங்க.” பிறகு முதல்தடவையாக அழுதாள்.

மார்ச் 4, செவ்வாய்

குலுக்கலை எழுதச் சொல்லி டாக்டர் கேட்டிருக்கிறார். எழுதுவதற்கு என்னை விட்டால் ஆள் ஏது? காலை 22, மதியம் 17, மாலை 19.

மார்ச் 6, வியாழன்

காலை 14, மாலை 9. மதியம் இல்லை. கன்னம் உப்பிக்கொண்டு வருகிறது, மருந்தால் அப்படித்தான் ஆகும் என்றார்கள். நாள் முழுக்கச் சிணுங்கல், நாள் முழுக்கப் பசி.

மார்ச் 8, சனி

காலை 6, மாலை 11. ஏறிவிட்டது. கோகிலா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், சாப்பிட்டால்தான் என் மாத்திரையைப் போட முடியும். அவள் முன்னாலேயே போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

காலை 2.

மார்ச் 11, செவ்வாய்

0

மார்ச் 12, புதன்

0

என் வாழ்க்கையில் இவ்வளவு அழகாக ஒரு பூஜ்யம் போட்டதில்லை.

மார்ச் 14, வெள்ளி

மறுபடி ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மலைகள் போய்விட்டன. சின்னச் சின்ன அலை, ஒழுங்கான அலை. பூச்சு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, ஆனால் மட்டம் வந்துவிட்டது.

“வலிப்பு நின்னிருக்கு. வளர்ச்சி பின்தங்கியிருக்கு. பயிற்சி கொடுங்க. மூணு வயசு வரைக்கும் நான் பார்த்துக்கிட்டே இருப்பேன், திரும்ப வந்தா உடனே ஓடி வரணும்” என்றார்.

“ஓடி வர்றமுங்க” என்றேன்.

மார்ச் 24, திங்கள்

ஊர் திரும்பி சைட்டுக்குப் போன முதல் நாள். சாரம் கட்டியிருந்தது. எல்லோரும் நான் ஏறக் காத்திருந்தார்கள். நான் கீழே நின்றபடியே எட்டுப் பேரையும் கூப்பிட்டேன்.

“எனக்கு வலிப்பு இருக்குது. பன்னெண்டு வருசமா மறைச்சுட்டேன். இனி சாரம் ஏற மாட்டேன், கீழ நின்னுதான் வேலை வாங்குவேன். எனக்கு வந்துச்சுன்னா பயப்படாதீங்க.”

யாரும் ஆச்சரியப்படவில்லை. பாப்பாத்தியக்கா சட்டியை இறக்கிவைத்துவிட்டு, “அது எங்களுக்குத் தெரியாதுங்களா மேஸ்திரி? உங்க ஊட்டுக்காரம்மா ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே சைட்டுக்கு வந்து சொல்லிக் குடுத்துட்டாங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெய்யோணும், கையில இரும்பைக் குடுக்கக் கூடாது, வாய்க்குள்ள எதையும் திணிக்கக் கூடாது, எந்திரிச்சதும் வெயிலுக்கு மயக்கம்னு சொல்லிப்போடோணும்னு” என்றார்.

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த ஊரிலேயே கெட்டிக்கார மேஸ்திரி நான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்னையே ஒருத்தி மேஸ்திரியாக நின்று காவல் காத்திருக்கிறாள். அப்படிப்பட்டவள் என் மனைவி என்று எழுத எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா?

ஏப்ரல் 6, ஞாயிறு

தூக்குக்குண்டு, சிவப்பு நூல். அம்மிணி அதைப் பார்த்தாள். ஆட்டினேன், பின்தொடரவில்லை. வெளிச்சம், நூல், சளி என்று எந்தச் சாக்கும் எழுதப் போவதில்லை. பின்தொடரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

கோயம்புத்தூர். டாக்டர் அறையில் எங்களுக்கு முன்னால் உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். மடியில் ஐந்து மாதப் பையன். கதவு திறந்திருந்தது. அவர் டாக்டரிடம், “நாலு நொடிதானுங்களே குலுக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் குரலையே கேட்டதுபோல் இருந்தது.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். “இவர் கோபியில மேஸ்திரி. இதை என்னைவிட இவர் நல்லாச் சொல்வார். சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். காய்ந்த தளம், ஈரத் தளம், பூனை, மட்டப்பலகை. என் பெருமையால் ஒரு மாதம் போனதையும் மறைக்காமல் சொன்னேன். உடுமலைக்காரர் தன் மகன் தலையில் கையை வைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், “எந்நேரத்துக்குங்க ஊசி?” என்று டாக்டரைக் கேட்டார். அவர் மகனுக்குக் குலுக்கல் ஆரம்பித்து ஆறு நாள்தான் ஆகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலை எட்டரை மணி. அம்மிணிக்கு எட்டரை மாதம். கோகிலா மடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூக்குக்குண்டை எடுத்தேன். நூலைத் தூக்கிப் பிடித்ததுமே குண்டு ஆடியது.

இடதுக்குப் போனது. கண்ணும் போனது. வலதுக்கு வந்தது. கண் கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. நான் நூலை நிறுத்தினேன். அவள் கையை நீட்டிக் குண்டைத் தட்டினாள். கும்பிடுவதுபோல் இரண்டு கையும் சேர்ந்து வரவில்லை. ஒரு கை மட்டும், அவளே நினைத்து நீட்டிய கை. தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். என்னைத் தாண்டி இல்லை, என்னை. வாயெல்லாம் எச்சில் வழியச் சிரித்தாள்.

எனக்கு மறதி உண்டு. நாளைக்கே வலிப்பு வந்து, இந்தக் காலைப் பொழுது என் தலையிலிருந்து போய்விட்டால்? அதனால் டைரியைக் கோகிலாவிடம் கொடுத்து, பார்த்ததை அவள் கையாலேயே எழுதி, இன்ஜினியர் போடுவதுபோல் கையெழுத்துப் போடச் சொல்கிறேன்.

நானும் கூடவே இருந்தேன். இடது, வலது ரெண்டு பக்கமும் பார்த்தாள். கை நீட்டினாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அழுததை அவர் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். இன்று மாத்திரை போட்டுவிட்டார்.
சரிபார்த்தேன்.
செ. கோகிலவாணி